பேராதனையில் ஒரு மௌன விரதம்

பேராதனைப் பூந்தோட்டத்தைப் பார்க்கக் கிளம்பிய அன்று விடிகாலையில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் சித்தி ஜெசிந்தா வீட்டு மாதா படத்துக்கு முன்னால் நின்று, மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லும்வரை வாயே திறக்கமாட்டேன் என்று என் அம்மா சத்தியம் செய்தாள்.

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். அம்மா ஆரோக்கியம், காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் விடுகிறவள். அலைச் சத்தம், காக்கைச் சத்தம், விலை கேட்கிறவர்களின் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே ஏறிப் போகிற குரல் அவளுக்கு. ஏலத்துக்கு அது பெரிய பலம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அது வேறு மாதிரி பட்டது. சாந்தோமிலிருந்து வந்த குடும்பம், "இந்தம்மா எப்பவுமே இப்படித்தான் பேசுவாங்களா?" என்று தரகரிடம் கேட்டுவிட்டுப் போனது. பெரம்பூரிலிருந்து வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. காப்பியைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்கள். நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். வயது இருபத்தாறு முடிந்திருந்தது. அதை என்னைவிட எங்கள் தெரு நன்றாக நினைவு வைத்திருந்தது.

சித்தி மகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைச் சடங்குக்காகத்தான் கொழும்புக்குப் போனோம். அம்மா, நான், அம்மாவின் தம்பி சூசை மாமா. மாமா துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிறவர், அதாவது கப்பலிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்குகிற இயந்திரத்தை. கீழே நிற்பவன் காட்டும் கைச் சைகையைப் பார்த்தே வேலை செய்து பழகியவர். அதனால் உலகத்தில் எந்த பாஷைக்காரனோடும் கையாலேயே பேசிவிடலாம் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

புதுநன்மை விருந்து முடிந்த கையோடு சித்தி விஷயத்தை உடைத்தாள். மாப்பிள்ளை பெயர் பெனடிக்ட். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பெரிய உத்தியோகம், ஏறக்குறைய துரை மாதிரி. அவனும் தாயும் பேராதனைத் தோட்டத்துக்கு வருவார்கள். "பொண்ணு பாத்த மாதிரியும் இருக்காது, பாக்காத மாதிரியும் இருக்காது" என்றாள். கொழும்பில் வாழ்க்கைப்பட்ட பிறகு சித்தியின் பேச்சு பாதி அங்கே, பாதி இங்கே. "பெடியன் கண்ணாடி போட்டிருப்பான். தாய் நீலக் குடை பிடிச்சிருப்பா. கார்ல வருவினம். பெரிய மரத்தடியில நிக்கச் சொல்லியிருக்கிறன்."

எங்கள் பக்கத்தில் பெரிய மரத்தடி என்றால் அது ஒரு முகவரி. மாதா கோயிலைத் தாண்டி ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னால் நேரே கொண்டுபோய் விடுவார். ஆகையால் எங்களில் யாரும் அதற்கு மேல் விவரம் கேட்கவில்லை.

"அக்கா, ஒண்டே ஒண்டு கேக்கிறன்" என்றாள் சித்தி. "நாளைக்கு நீ வாய் தொறக்கப்படாது."

"ஏன்டி, நான் பேசுனா இன்னா? கடிச்சா வெக்கப் போறேன்?" என்று அம்மா கேட்டாள். அலமாரியில் இருந்த பீங்கான் தட்டுகள் அதிர்ந்தன. சித்தி தட்டுகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைப் பார்த்தாள். விடிந்ததும் எழுந்து போய் மாதா முன்னால் நின்றாள்.

சித்தியும் கூட வருவதாகத்தான் ஏற்பாடு. புதுநன்மை எடுத்த பிள்ளைக்கு ஐஸ்கிரீம் மிகுந்து காய்ச்சல் வந்துவிட்டது. எனவே மாப்பிள்ளை வீட்டாரின் முகம் தெரியாத மூன்று பேர் மட்டும் கிளம்பினோம். வாசலில் சித்தப்பா வந்து நின்று, "எல்லாரும் வெளிக்கிட்டாச்சோ?" என்று கேட்டார்.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதெல்லாம் காலீலயே ஆச்சு நைனா. பொம்பளைங்க நிக்கிற எடத்துல இன்னாத்துக்கு இத்தயெல்லாம் கேட்டுகினு?"

அவர் ஊரில் அது 'புறப்பட்டாயிற்றா' என்று அர்த்தம் என்பதைச் சித்தி விளக்கி முடிப்பதற்குள், சித்தப்பா "சரி, ஆறுதலாப் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டார்.

"ஆறுதலா? யாரு பூட்டாங்க?" என்று மாமா பதறினார். மெதுவாகப் போய் வாருங்கள் என்று சொன்னாராம்.

ரயில் மலை ஏற ஆரம்பித்ததும் ஜன்னலுக்கு வெளியே பச்சை தவிர வேறு நிறமே இல்லாமல் போயிற்று. பள்ளத்தாக்கும் நீர்வீழ்ச்சியும் வந்து வந்து போயின. எல்லோரும் மூச்சை இழுத்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். மாமா மட்டும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சந்தேகப்பட்டார். "இன்னா ரீட்டா இது, காத்துல ஒரு வாசனையும் காணோம்? மூக்கு அடச்சிகினு கீதா எனக்கு?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் காற்றை வைத்தே திசை சொல்லலாம். கிழக்கிலிருந்து வந்தால் மீன். தெற்கிலிருந்து வந்தால் துறைமுகத்து நிலக்கரி. மணலியில் எண்ணெய் ஆலை வந்த புதிது. வடமேற்குக் காற்றுக்கும் ஒரு வாசனை கிடைத்திருந்தது. வெறும் காற்று என்ற ஒன்றை மாமா அன்றைக்குத்தான் சுவாசித்தார். அவருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மீன் பணிஸ் வாங்கித் தின்ற பிறகுதான் தெளிந்தார். பன்னுக்குள் மசாலா மீனை வைத்து மூடிச் சுட்டுவிடுகிறார்கள். நம் ஊர் பேக்கரிக்காரர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அம்மாவின் விரதத்துக்கு முதல் சோதனை இறால் வடை ரூபத்தில் வந்தது. பருப்பு வடையின் தலையில் ஒரு முழு இறாலைப் பதித்து, கூடையில் அடுக்கி விற்றுக்கொண்டு வந்தான் ஒருவன். அம்மா ஒன்றை எடுத்து இறாலின் கழுத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அந்த இறால் என்றைக்குப் பிடித்தது, எந்த அளவுக்குக் கெட்டுப்போனது, அதை விற்கிறவன் எப்படிப்பட்டவன் என்பதெல்லாம் அவள் தொண்டை வரை வந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வடையைக் கூடையில் திருப்பி வைத்துவிட்டு, கண்ணை மூடி ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள். அந்த வியாபாரிக்குத் தான் எதிலிருந்து தப்பித்தோம் என்பது கடைசிவரை தெரியாது.

பேராதனையில் இறங்கி பஸ் ஏறினோம். எனக்கு இங்கிலீஷ் தெரியும்; நான் கண்டக்டரிடம் பேசியிருப்பேன். "பாக்கப் போற பொண்ணு கம்முனு குந்து" என்று மாமா என்னைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே முன்னால் போய் நின்றார். கண்டக்டருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். "பேராதனை" என்றார் மாமா. இது முழுக்கப் பேராதனைதான், எங்கே என்று அவன் கேட்டிருக்க வேண்டும். மாமா தன் கை வித்தையை இறக்கினார். மரம் என்று காட்டுவதற்காக நிமிர்ந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, தலையைக் கொஞ்சம் சாய்த்தார். கழுத்தில் சிலுவை வேறு தொங்கியது. கண்டக்டர் முகம் மலர்ந்து, "பள்ளிய? பள்ளிய!" என்றான்.

"பள்ளிங்கிறான். இஸ்கூலுக்குப் பக்கத்துல போல கீது" என்று மாமா எங்களுக்குத் திரும்பி அறிவித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் கண்டக்டர் விசிலடித்து நிறுத்தி, எங்களை மரியாதையாக இறக்கி விட்டான். எதிரே ஒரு மாதா கோயில். சிங்களத்தில் பள்ளிய என்றால் சர்ச்சாம். மாமா விரித்து நின்றது மரமல்ல, சிலுவை என்று அவன் புரிந்துகொண்டிருக்கிறான்.

மாமா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மாவோ இதை மாதாவின் அழைப்பு என்று எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போய் முழங்காலிட்டுவிட்டாள். வாயைத் திறக்காமல் அவ்வளவு நேரம் ஒருவர் என்ன வேண்ட முடியும் என்று தெரியவில்லை. நாங்கள் வெளியே காத்து நின்றோம். கடைசியில் தேயிலைக் கொழுந்துச் சாக்கு ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் தமிழ்க்காரர். "தோட்டத்துக்குத்தானே? ஏறுங்கண்ணே" என்றார். துரை மாதிரி மாப்பிள்ளையைப் பார்ப்பதற்காகக் கட்டிய அரக்கு நிறப் பட்டுப்புடவையோடு நான் கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து போய், பூந்தோட்டத்து வாசலில் குதித்து இறங்கினேன்.

உள்ளே நுழைந்ததும்தான் சிக்கல் புரிந்தது. பெரிய மரம் என்று சித்தி சொன்னாளே, அந்தத் தோட்டத்தில் சின்ன மரம் என்று ஒன்று இருந்தால்தானே! சாலையின் இரு பக்கமும் பனை ஜாதி மரங்கள், துறைமுகத்துக் கிரேன்களை வரிசையாக நிறுத்தினாற்போல, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு நின்றன. ஆற்றோரம் மூங்கில் புதர். ஒவ்வொரு மூங்கிலும் மாமாவின் தொடை கனம். காற்றடித்தால் கப்பலைக் கட்டிய வடம் முனகுகிற மாதிரி முனகியது. நாகலிங்க மரத்தில் காய்கள் குண்டு குண்டாகத் தொங்கின. இன்னொரு பக்கம் மரம் முழுக்க வவ்வால்கள், இலைகளைவிட அதிகமாக, கறுப்புக் கந்தல் காயப்போட்டது போல. நாள் முழுக்கச் சுற்றினாலும் முடியாத தோட்டம். மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடியது.

"பேஜாராப் பூட்சே" என்றார் மாமா. "ஒவ்வொரு மரமா கேட்டுகினு போலாம் வா."

அந்தத் தோட்டத்து மரத்தடிகள் ஒன்றுகூடக் காலியாக இல்லை. எல்லா வேரிலும் ஒரு வாலிபனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா கண்ணாடி போட்ட ஆட்களாகத் தேடினார். குங்கிலிய மரம் ஒன்றின் கீழே கண்ணாடி போட்டவன் ஒருவன் தன் காதலிக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாமா அவன் முன்னால் போய் நின்று, என்னைக் கையால் காட்டி, "நைனா, நீதான மாப்ள? இதான் பொண்ணு" என்றார்.

அவனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் மறுத்திருப்பான். தெரியாததால் மரியாதைக்குச் சிரித்துத் தலையாட்டினான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவள் என் பட்டுப்புடவையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஆரஞ்சுச் சுளையை அவன் மடியில் வீசிவிட்டு எழுந்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, தமிழிலும் இங்கிலீஷிலும் கெஞ்சி, அவளைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைப்பதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. அப்புறம் மாமா யாரையும் மாப்பிள்ளையா என்று கேட்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் அந்த மரத்தைக் கண்டோம். பரந்த புல்வெளியின் நடுவே தனியாக, குடை விரித்தாற்போல ஓர் அத்தி ஜாதி மரம். எங்கள் ஏலக் கொட்டகை மாதிரி பலவற்றை அதன் நிழலில் நிறுத்தலாம். அடிமரம் ஒரு சின்ன வீட்டின் அகலம். அதன் வேர்கள் ஆளுயரச் சுவர்களாக நாலா பக்கமும் ஓடின. சித்தி சொன்னது இதைத்தான் என்பதில் சந்தேகமே இல்லை. நீலக் குடையைக் காணோம். காரையும் காணோம். வேர்ச் சுவர் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தோம். மரத்துக்கு மறுபக்கம் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது; இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். கார் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தோம். துரை வீட்டு ஆட்கள் நேரம் கழித்துத்தான் வருவார்கள் என்று மாமா சமாதானம் சொன்னார்.

வெகு நேரமாயிற்று. பசி பொறுக்கவில்லை. சித்தி கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை மாமா பிரித்தார். இலையில் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், அதோடு அம்மா ராயபுரத்திலிருந்து தன் கையால் உப்புப் போட்டுக் காயவைத்துக் கொண்டுவந்த வஞ்சிரக் கருவாடு, பொரித்தது. அந்த வாசனை கிளம்பியதும் மாமாவுக்கு மலைக் காற்றின் மேல் முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

மரத்துக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்: "என்ன மணம் இது? ஆரோ கருவாடு கொண்டுவந்து திண்டுகொண்டு இருக்கினம். தம்பி, போய் அந்தச் சனத்தைத் தள்ளி இருக்கச் சொல்லு. மதிப்பான ஆக்கள் வாற நேரம்."

வேரைச் சுற்றிக்கொண்டு மெலிந்த வாலிபன் ஒருவன் வந்தான். கண்ணாடி போட்டிருந்தான். ஆனால் செருப்புத்தான் போட்டிருந்தான். துரைமார் பூட்ஸ் போடுவார்கள் என்பது எங்கள் கணக்கு. "குறை நினையாதேங்கோ" என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் நின்றான். பிறகு என்னைப் பார்த்து, "உங்கட தலையில கொழுந்து ஒட்டியிருக்கு" என்றான். நான் தடவி எடுத்தேன். அவன் அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்து, "ரெண்டு இலை, ஒரு மொட்டு. நல்ல கொழுந்துதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போது எழுத வெட்கமில்லை.

"நைனா, நாங்களும் பெரிய ஆளுங்களுக்குத்தான் வெயிட் பண்ணிகினு கீறோம்" என்றார் மாமா, சோற்றுக் கையோடு. "அவங்க வந்ததும் எந்திரிச்சிடறோம். நீ போ."

அவன் சரி என்று திரும்பினான். அதோடு முடிந்திருக்கும். ஆனால் மறுபக்கத்துக் குரல் மறுபடியும் எழும்பியது: "அழுகின மீனில போட்ட கருவாடு. உப்பும் காணாது, வெயிலும் காணாது. மணத்திலேயே விளங்குது."

நான் அம்மாவைப் பார்த்தேன். ஜெபமாலை அவள் கையிலிருந்து நழுவியது. என் கல்யாணத்துக்காக அவள் எதை வேண்டுமானாலும் விழுங்கியிருப்பாள். தன்னைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பாள். மாமாவைத் திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இது கருவாடு.

அம்மா எழுந்தாள். "எவடி அவ, என் கருவாட்ட அழுகல்னு சொன்னவ? முன்னால வாடி!"

அன்று முழுக்கச் சேர்த்து வைத்த குரல். அந்தத் தோட்டம் அப்படி ஒன்றைக் கேட்டிருக்காது. தூரத்து மரங்களிலிருந்து வவ்வால்கள் மொத்தமாகக் கிளம்பி, பட்டப்பகலில் வானம் இருண்டுவிட்டது. ஜோடிகள் மரத்தடிகளை விட்டு எழுந்து நின்றன. காவலாளி ஒருவர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டு நின்று, விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

வேருக்கு அப்பாலிருந்து, வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் வந்தார். பயப்படவில்லை. "நான்தான் சொன்னனான்" என்றார்.

"ஆனி வெயில்ல காஞ்ச வஞ்சிரம் இது! உப்புல ஊற வெச்சு, கல்லு வெச்சு, தண்ணி இறுத்து, அப்பால காயப்போட்டேன். அழுகலாம்!"

"எத்தினை நாள் கல்லு வைச்சனீர்?"

"நாலு."

"நாலு நாள் காணாது. எங்கட மன்னாரில ஆறு நாள்."

"ஆறு நாள் வெச்சா சக்கையாத்தான் பூடும். நீ துன்னு பாரு மொதல்ல!"

அம்மா இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் கையில் திணித்தாள். அந்த அம்மாள் அதைப் பிட்டு, மோந்து, வாயில் போட்டு மென்றார். தோட்டமே காத்திருந்தது. காவலாளிகூடக் காத்திருந்தார்.

"உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். தோற்ற முகமில்லை, ருசி பார்த்த முகம். "பிழையாச் சொல்லிப்போட்டன். எந்த ஊர்?"

"மெட்ராசு. ராயபுரம்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அவர் மாமாவைப் பார்த்தார், சோற்றுக் கையைப் பார்த்தார், கடைசியில் என் பட்டுப்புடவைக்கு வந்தார். "துறைமுகத்தில பெரிய அதிகாரியும், மீன் ஏத்துமதி செய்யிற அம்மாவும் டாக்சியில வருவினம் எண்டல்லோ ஜெசிந்தா சொன்னவ?"

வேர்ச் சுவரின் மேல் மடித்து வைத்திருந்த நீலக் குடையை நான் அப்போதுதான் பார்த்தேன்.

உச்சி வேளையிலிருந்து அவர்கள் அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமும், மற்றவர்கள் பெரிய ஆட்களாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். சித்தி இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்திருக்கிறாள். மாமாவால் தாங்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மெல்ல உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கெடுத்துட்டேன்" என்றாள் அதற்குள்ளிருந்து. அவ்வளவு சின்னக் குரலில் அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. "மறுபடியும் நானே கெடுத்துட்டேன்டி ரீட்டா."

திரேசம்மா, அதுதான் அந்த அம்மாளின் பெயர், அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "என்னத்தைக் கெடுத்தனீர்? சாப்பாட்டைப் பிரியும். பிள்ளையள் ரெண்டும் மரத்தைப் பாத்துக்கொண்டு வரட்டும்" என்றார்.

பெனடிக்டும் நானும் ஆற்றோரமாக நடந்தோம். மூங்கில் முனகிக்கொண்டிருந்தது.

"உங்கட மாமா அதிகாரி இல்லையோ?"

"விஞ்ச் ஓட்டுறார். நீங்க துரை இல்லையா?"

"கொழுந்து நிறுக்கிறனான்."

இருவரும் சிரித்தோம். ஆற்றின் மேல் தொங்குபாலம் ஒன்று இருந்தது. நடுவில் போனதும் அது ஆடியது. அவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு ஆட்டம் பழக்கம். இந்த ஊரில் எனக்கு டெலிபோன் வேலை கிடைக்குமா, இவனோடு தினமும் இந்த மாதிரி சிரிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அம்மாவின் குரலைக் கேட்டும் முகம் சுளிக்காத முதல் வீடு இது.

அப்போது அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு மனதில் ஒரு பெண் இருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், சிங்களப் பெண். தாயிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை. "நீங்கள் என்னைப் பிடிக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னால், எனக்குப் பிரச்சினை இல்லை. பெரிய உபகாரமா இருக்கும்."

சற்று முன்வரை ஆடாமல் நின்ற எனக்கு, அந்தப் பாலம் அப்போதுதான் ஆடியது. கோபமும் வந்தது, அவமானமும் வந்தது. ஊரார் என்னை வேண்டாம் என்றது போக, இப்போது நானே என்னை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமாம்!

"இதோ பாருங்க" என்றேன். "நான் டெலிபோன் ஆபரேட்டர். லைன் போட்டுத் தருவேன். பேச வேண்டியது நீங்கதான்."

அவன் கம்பியை விட்டுவிட்டு, "நீங்கள் பக்கத்தில நிப்பியளோ?" என்று கேட்டான். நிற்பேன் என்றேன்.

திரும்பிப் போனபோது இரண்டு தாய்மாரும் ஒரே இலையில் சாப்பிட்டு முடித்து, கால் நீட்டி உட்கார்ந்து, மன்னார்க் கடலும் எங்கள் கடலும் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெனடிக்ட் தாயின் முன்னால் நின்று, திக்கித் திணறி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் சொன்னபடியே பக்கத்தில் நின்றேன்.

திரேசம்மாவின் முகம் கறுத்தது. "இத்தனை பேரையும் கடல் தாண்டிக் கூப்பிட்டுப்போட்டு, இப்பவோ சொல்லுறாய்?" என்று கேட்டவர், குரல் உடைந்து அழுதுவிட்டார்.

அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் இருந்ததைக் கண்டுகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் திரேசம்மாவின் முதுகைத் தடவினாள். "அழாத. கட்டிக்கினு அப்பால சொல்லியிருந்தான்னா எம்பொண்ணு கதி இன்னா ஆவறது? இப்பவே வாயத் தொறந்தானே, நல்ல புள்ளதான். அந்த டீச்சரம்மாவப் போய்ப் பாரு. பாக்காமயே அழுதுகினு இருந்தா எப்பிடி?"

சாயங்கால ரயிலுக்கு அவர்களே எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ரயில் கிளம்பும்வரை அம்மாவும் திரேசம்மாவும் ஜன்னல் வழியாகப் பேசி ஓயவில்லை. இறங்கும் வழியில் ரயிலில் அம்மா என்னிடம், "பையன் உனக்குப் புடிச்சிதாடி?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொழும்பு வரும்வரை அப்படியே இருந்தோம்.

பெனடிக்ட் அடுத்த வருஷமே அந்த டீச்சரைக் கட்டிக்கொண்டான். எனக்கும் அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் திருவொற்றியூரிலிருந்து ஒரு வரன் வந்தது. தீப்பெட்டிக் கம்பெனியில் ஃபிட்டர், இயந்திரச் சத்தத்தில் பாதிக் காது போனவர். அம்மா பேசுவதுதான் தனக்குத் தெளிவாகக் கேட்கிறது என்று சொன்ன மனிதர். ராயபுரம் கோயிலில் கல்யாணம். திரேசம்மா கடல் தாண்டி வந்து, முன் பெஞ்சில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூசை முழுவதும் இருவரும் கிசுகிசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள். சாமியார் பிரசங்கத்தை இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

விருந்தில் மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி, "இந்தம்மா யாரு, எந்த வழியில சொந்தம்?" என்று விசாரித்தாள்.

"இவங்களா?" என்றாள் அம்மா, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "இவங்க எனக்கு சிலோன்ல அமைஞ்ச சம்மந்தி. புள்ளைங்களுக்குத்தான் ஒத்து வர்ல."